குமாரி தேனருவியின் வாசகிகள்

"வாத்தியாரே, தமிழ் படிச்சவரு நீங்க. ஒரு நியாயம் சொல்லுங்க. புருஷன் சோறு துன்னுக்கினு இருக்கும்போது, எதிர்ல குந்திக்கினு அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுவாளா ஒருத்தி?"

அடுத்த வீட்டு எத்திராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று கேட்டார். திருச்சானூர்க் கோயில் தெருவில் வளையல் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பெண்களுக்குக் கை வலிக்காமல் வளையல் ஏற்றிவிட்டவர். தம் வீட்டுப் பெண் எதற்கு அழுகிறாள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஆதிநாராயணன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். திருப்பதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் தமிழ்ப் பண்டிதர்.

"இன்னா ஆச்சு, விவரமா சொல்லுங்க."

"ரசத்துல ரெண்டு தரம் உப்பு. சரி, மறதின்னு துன்னேன். நிமுந்து பாத்தா ரத்னம்மா கண்ணுல தண்ணி. ஏன்டின்னு கேட்டா, 'அவன் அவளுக்குத் தலை துவட்டி உட்டான். நீ என்னிக்காவது என் தலையத் தொட்டிருக்கியா, குட்டறதத் தவுர?'ன்றா. யாருடி அவன், யாருடி அவன்னு நான் குதிச்சேன். கடைசீல பாத்தா ஏதோ புஸ்தகமாம். போயிப் பாத்தேன், அட்டையில 'அமிர்தவல்லியின் தாபம்'னு போட்டிருக்குது!"

பம்பு ஆதிநாராயணனின் கையிலிருந்து நழுவிக் கால் விரலில் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? அந்தப் புத்தகத்தை எழுதிய 'குமாரி தேனருவி', நாற்பது வயதும் முன்வழுக்கையும் கொண்ட இந்த ஆதிநாராயணன்தான். சித்தூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் ரகசியமாக அச்சிட்டார். அட்டைக்குப் படம் வேண்டும் என்றபோது, கூந்தல் தைல லேபிளுக்கு வைத்திருந்த ஒரு பெண் படத்தின் அச்சு பிளாக்கையே அச்சகத்தார் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முழங்கால்வரை முடி தொங்க நின்ற அவள்தான் அமிர்தவல்லி என்று ஆதிநாராயணனும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

கதை இதுதான். அமிர்தவல்லியும் கவிஞன் சந்திரமோகனும் காதலிக்கிறார்கள். ஒரு ஜமீன்தார் அவளுக்குப் பரிசம் போடுகிறார். கடைசிப் பக்கத்தில் அவள் அருவியில் விழுந்துவிடுகிறாள். இடையில் ஓர் இடத்தில் சந்திரமோகனின் அங்கவஸ்திரம் அவளுடைய சுண்டுவிரலில் உரசுகிறது. அந்த உரசலை வர்ணிக்க நிலவு, தென்றல், தாழம்பூ எல்லாவற்றையும் கூப்பிட்டு மூன்று பக்கம் வேலை வாங்கியிருந்தார். எழுதிய அன்று அவருக்கே வியர்த்துவிட்டது. நாடு தாங்குமா என்று பயந்துதான் புனைபெயரே வைத்தார்.

எழுத வாகாக இருந்ததும் ஒரு யோகம்தான். சென்ற மாசியில் அவர் மனைவி தாட்சாயணி விஷ ஜுரத்தில் படுத்துவிட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. கடைசி அத்தியாயங்கள் தடையில்லாமல் ஓடின.

"அந்தத் தேனருவி எவ, எந்த ஊருக்காரின்னு நீங்கதான் வெசாரிக்கணும்," என்றார் எத்திராஜ். "கையில கெடச்சா செருப்பால அடிப்பேன்."

"விசாரிக்கிறேன், விசாரிக்கிறேன்," என்று அவரை அனுப்பிவைத்துவிட்டு ஆதிநாராயணன் யோசித்தார். தலை துவட்டுவதா? அப்படி ஒன்றும் எழுதவில்லையே! பிறகு நினைவுக்கு வந்தது. நாலாம் அத்தியாயத்தில் 'கார்குழல் மேகம்' என்று ஒரு உவமை போட்டிருந்தார். மேகம் வந்தால் மழை வரும். மழை வந்தால் தலை நனையும். நனைந்தால் துவட்டத்தானே வேண்டும்? வாசகி எவ்வளவு ஆழமாக மூழ்கியிருக்கிறாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

உள்ளே தாட்சாயணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கட்டிலுக்கடியில புஸ்தக மூட்டை இருந்ததே, பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"மேல இன்னா எழுதியிருந்தேன்?"

"ஏதோ எழுதியிருந்தீங்க."

"ஏதோவா! 'பள்ளிக்கூடச் சொத்து, தொடாதே'ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே!"

"எழுத்து நல்லாத்தான் இருந்தது," என்று சொல்லிவிட்டு ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

இதுதான் அவளிடம் அவருக்கு ஆகாதது. நாவலைத் தொடங்கிய காலத்தில் முதல் அத்தியாயத்தை ஆசையாக அவள் கையில் கொடுத்தார். அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "முத்து முத்தா எழுதியிருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான்! காதலின் கனலைக் கொட்டிக் கொடுத்தால் கையெழுத்துக்கு மார்க் போடுகிறாள். அன்றே முடிவு கட்டினார், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று. அதன் பிறகு இலக்கியம் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. மற்றதைப் பற்றியும் அதிகம் விட்டதில்லை. புத்தலப்பட்டில் எட்டாவது வரை படித்த பெண் என்று தரகர் சொன்னார், கட்டிக்கொண்டார். அதற்குமேல் அவளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை.

"அத எதுக்கு எடுத்துக்கினு போன?"

"பூக்காரி கன்னியம்மா ஊட்டுப் பின்கட்டுல மத்தியானம் எல்லாரும் பூ கட்டறோம். ரெண்டு கையும் நாருலயே இருக்குது. யாராவது கதை படிச்சா பொழுது போவும்னாங்க. எட்டாவது படிச்சவ நீதானேன்னு என்னைக் கையக் காட்டிட்டாங்க. நாலு பேரு எதிர்ல மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"அது ஆபாசப் புஸ்தகம். கண்டவங்க எழுதினது. குடு இப்படி."

அவள் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்தாள். ஆதிநாராயணன் அந்தப் பிரதியையும் மூட்டையையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். தொல்லை விட்டது என்று சைக்கிள் ஏறினார்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். எத்திராஜ் மறுபடி வந்தார். இந்த முறை கோபம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாத்தியாரே, மண்டபத்துக் கட்டம் கேட்டீங்களா?"

"எந்த மண்டபம்?"

"கபில தீர்த்தத்து அருவிக்கு எதிர்ல கீற மண்டபம். மழை புடிச்சுக்கிச்சாம். இவ ரவிக்கை முடிச்சு முதுகுப் பக்கம் அவுந்து போச்சாம். கை எட்டலியாம். அவன் கட்டி உட்டானாம்." எத்திராஜ் எச்சிலை விழுங்கினார். "கண்ணை மூடிக்கினு கட்டி உட்டானாம் வாத்தியாரே! கண்ணைத் தொறந்தா உன்னைக் கேக்காம பாத்த மாதிரி ஆயிடும்னானாம். இவளே, 'தொற'ன்னாளாம். அதோட நிறுத்திப்புட்டாங்களாம், மீதி நாளைக்குன்னு. எனக்கே கடையில வேலை ஓடல."

ஆதிநாராயணன் அரைஞாணைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது. புத்தகம் பெட்டிக்குள், கதை மட்டும் பின்கட்டில் ஓடுகிறதா? சட்டென்று மூளையில் விளக்கெரிந்தது. வேறு பிரதி! கடையில் விற்ற பிரதி! புத்தகம் விற்கிறது!

அப்போதே திருப்பதி ரயிலடிக்குச் சைக்கிளை மிதித்தார். அங்கே பத்திரிகைக் கடை ரங்கையாவிடம் ஒரு கட்டுப் புத்தகம் போட்டிருந்தார்.

"ஆ புஸ்தகமா சாரு? மீரு இச்சின கட்டு அப்படியே கீது," என்று ரங்கையா தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி, அவர் கொடுத்த கட்டைக் காட்டினான். கட்டின சணல்கூட அவிழவில்லை. அதன்மேல் அவன் டீ கிளாஸ் வைத்துக் குடித்த வட்டங்கள் வரிசையாக இருந்தன.

வேறொருவராக இருந்தால் அங்கேயே சந்தேகம் தட்டியிருக்கும். ஆதிநாராயணன் எழுத்தாளர் ஆயிற்றே, திரும்பி வரும் வழியெல்லாம் தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். நல்ல புத்தகத்தை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? ஒரு பிரதி சித்தூரிலிருந்து எவர் மூலமோ வந்து கைமாறிக் கைமாறிப் போகிறது. மண்டபம் அவர் எழுதியதில்லைதான். ஆனால் அருவி என்று எழுதியிருக்கிறார், அருவிக்கு எதிரே மண்டபம் இல்லாமலா போகும்?

என்றாலும் பயம் இருந்தது. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்ததிலிருந்து பள்ளியில் தமிழ் வகுப்பு தேய்ந்துகொண்டே வந்தது. இருந்தது ஒரே ஒரு தமிழ்ப் பண்டிதர் வேலை. அதில் இருப்பவர்தான் குமாரி தேனருவி என்று வெளியே தெரிந்தால், காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகும். ஆகவே சந்தேகம் தம் பக்கமே வராதபடி ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை திருச்சானூர் வாசகசாலையில் ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்து, 'அமிர்தவல்லியின் தாபம்' நூலைக் கிழிகிழி என்று கிழித்தார்.

"நஞ்சு! பெண்மக்கள் செவியில் ஊற்றப்படும் நஞ்சு! குறிப்பாக அந்த மண்டபக் காட்சி! அதைப் படிக்க நேர்ந்த என் கண்களைக் கற்பூரம் கொண்டு கழுவினேன்!"

கேட்டவர்கள் வீட்டுக்குப் போய், மண்டபக் காட்சி என்றால் என்ன என்று விசாரித்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அதுவரை ஒரு தெருப் பெண்களோடு இருந்தது நாலு தெருவுக்குப் பரவியது. கன்னியம்மாள் வீட்டுப் பின்கட்டில் உட்கார இடமில்லை. பூக்கட்டத் தெரியாதவர்களும் கையில் ஒரு நாரை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கோயில் கடைகளுக்கு அந்த மாதம் போனதுபோல் அவ்வளவு கதம்பம் எந்த மாதமும் போனதில்லை என்று பேசிக்கொண்டார்கள். மொட்டு எது, பூ எது என்று பார்க்காமல் கட்டிய கதம்பம்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் நாகபூஷணம் கூப்பிட்டனுப்பினார். தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

"ஏமய்யா பண்டிட்! அந்த புஸ்தகத்தை சபையில திட்டினீங்களாம். மஞ்சிதி, நல்லதுதான். ஆனா எங்க வீட்டு அம்மா மத்தியானம் ஆச்சுன்னா ஜட்கா கட்டிக்கினு திருச்சானூர் போயிடறாங்க. தமிழ் கதை உனக்கெதுக்குன்னு கேட்டா, காதுக்கு பாஷை ஏதுன்றாங்க. சாயங்காலம் வந்து என்னைப் பாத்துப் பெருமூச்சு விடறாங்க. இருபத்தஞ்சு வருஷத்துல விடாத பெருமூச்சு!"

"கலிகாலம், சார்."

"அந்த தேனருவி யாரோ ஒரு வாத்தியார்தான்னு பேச்சு அடிபடுது. நம்ம ஸ்கூல் ஆளா இருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவேன். ஏற்கெனவே தமிழ் போஸ்ட் வேணுமா வேண்டாமான்னு மேல கேட்டுக்கினு இருக்காங்க. கனிபெட்டண்டி, கண்டுபிடிங்க!"

"கண்டுபிடிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்தார் ஆதிநாராயணன். தம்மையே கண்டுபிடித்துக் கொடுக்கும் பொறுப்பு இரண்டு பேரிடமிருந்து இப்போது அவருக்கு வந்திருந்தது.

பயந்தவர் பயந்தவராகவே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். அவரைக் கெடுத்தது கிணற்றடியில் ரத்னம்மா சொன்ன அபிப்பிராயம்.

பல் துலக்கப் போனவரிடம் அவளே பேச்சுக் கொடுத்தாள். "அண்ணே, நீங்க அந்தக் கதையத் திட்டிப் பேசினீங்களாமே. காதலைத் திட்டுங்க, வாணாங்கல. அந்தப் புருஷன்காரன ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"புருஷனா?" அவர் நாவலில் புருஷன் யாரும் இல்லை. பரிசம் போட்ட ஜமீன்தாரைச் சொல்கிறாளாக்கும்.

"அவனுக்குப் பேரே இல்ல, பாருங்க. புருஷன், அவ்வளவுதான். இவ ஜுரத்துல கெடக்குறா. அவன் பக்கத்துல வரான். நெத்தியில கைவெக்கப் போறான்னு கண்ணை மூடிக்கினு காத்துக்கினு கீறா. அவன் இன்னா பண்றான் தெரியுமா? தலைமாட்டுல இருந்த வெளக்க எடுத்துக்கினு போறான். அவனுக்கு ஏதோ எழுதணுமாம்! இருட்டுல போட்டுட்டுப் போறாண்ணே. எனக்கு வயிறு பத்திக்கினு எரியுது. அடிக்கிற புருஷன்கூடத் தேவல, அடிக்கிறதுக்காவது கிட்ட வருவான்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆதிநாராயணன் வாயில் பற்பொடியோடு நின்றார். ஜமீன்தார் கணக்கு எழுதுவதாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியிலிருந்து இந்தப் பெண் ஒரு வாழ்க்கையையே படித்திருக்கிறாள்! அடடா, எழுதியவனுக்கே தெரியாத ஆழமெல்லாம் எழுத்தில் இருக்கிறதே என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார். அவர் மறந்தும் யோசிக்காத ஒன்று, சென்ற மாசியில் தம் வீட்டு விளக்கு எந்தத் தலைமாட்டில் இருந்தது என்பதுதான்.

அன்று மாலை அவருக்கு மனைவியின் அபிப்பிராயத்தையும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. தாட்சாயணி மடியில் பூக்குவியலோடு உட்கார்ந்திருந்தாள். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பிரதியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா, வெச்சுக்கோ. வேற எவ புஸ்தகத்தையோ எரவல் வாங்கிப் படிக்கிற போலிருக்குது. எனக்கும் எல்லாம் தெரியும்."

அவள் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

"சரி, நீ இன்னா நெனைக்கிற? கதை எப்படி?"

"இன்னும் முடியல."

"முடியலையா? இத்தினி நாளாவா? கடைசிப் பக்கத்தப் பொரட்டிப் பாரேன்."

"கடைசிப் பக்கத்தப் பாத்தா முடிவு தெரிஞ்சுடுமா?" என்றாள் தாட்சாயணி. நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவ போறதா இருக்கறதான்னு இன்னும் முடிவு பண்ணல. போற எடத்துல அண்ணன் இன்னா சொல்லுவாரோன்னு பயப்படறா. நீங்க சொல்லுங்க, அவ இன்னா பண்ணலாம்?"

அவள் அவரிடம் அபிப்பிராயம் கேட்டது அதுவே முதல் தடவை. ஆதிநாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காதலின் தத்துவம் பற்றி ஒரு பிரசங்கம் வந்தது. அவர் சொல்லி முடித்தபோது அவள் பூவைக் கட்டி முடித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், துண்டுக்கடியில் செருகியிருந்த ஏதோ ஒரு கடுதாசியின் ஓரம் காற்றில் படபடத்தது. புத்தலப்பட்டு அண்ணன் எப்போதும்போல் தெலுங்கில் எழுதியது. அதையெல்லாம் அவர் பார்ப்பது வழக்கமில்லை.

இந்த நேரத்தில்தான் திருவேங்கடம் வந்து சேர்ந்தார். எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்த சமயம் அது. எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று கேட்டறிய ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று பேச்சு. திருவேங்கடம் ஊர்த் தமிழர் எல்லைக் குழுவின் காரியதரிசி. மனுக்கள் அடைத்த துணிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தார்.

"ஆதிநாராயணா, நம்ம கையில பிரம்மாஸ்திரம் கெடச்சிருக்குது! இந்த ஊர்ல தமிழ் படிக்கிறவங்க யாரு இருக்காங்கன்னு கேக்கறானுங்க. யாரா? இதோ, நாலு தெருப் பொம்பளைங்க ஒரு தமிழ் நாவலுக்கு உசிர உட்டுக்கினு கீறாங்க! ஒரு கூட்டம் போடறோம். வாசகிகளே மேடையேறி அபிப்பிராயம் சொல்லட்டும். தீர்மானம் போட்டு அனுப்பினா, திருச்சானூர் தமிழ் ஊரில்லைன்னு எவன் சொல்லுவான்?"

"அது ஆபாச நாவல்னு நானே பேசியிருக்கேனே."

"ஆபாசமா இருந்தா இன்னா, தமிழ்ல இருக்குதில்ல? நீதான் தலைமை."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவர், சரி என்று சொல்லிவிட்டார். தம் புத்தகத்தைப் பற்றி நாலு பேர் மேடையில் பேச, தாமே தலைமை தாங்கிக் கேட்பது எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்?

கூட்டத்தன்று புறப்படும்போது தாட்சாயணி வாசலில் நின்றாள்.

"நீயும் பொம்பளைங்களோட வந்துடு," என்றார்.

"நீங்க போங்க. துன்னுட்டுப் போறீங்களா?"

"நேரமில்லை," என்று சைக்கிளில் ஏறினார். நீ சாப்பிட்டாயா என்று கேட்க நினைக்கவில்லை. அது என்றும் நினைக்காதது.

சத்திரத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒரு பக்கம், முறைத்த முகத்தோடு அவர்கள் புருஷன்மார்கள் ஒரு பக்கம். தலைமையாசிரியர் நாகபூஷணமும், மனைவி விடவில்லை என்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பொன்னாடை மடித்து வைத்திருந்தது.

முதலில் பேசியது தலைமையாசிரியரின் மனைவிதான். இந்தத் தமிழ்க் கதையைப்போல் மனசைப் பிசைந்த கதை வேறில்லை என்று சுத்தமான தெலுங்கில் சொன்னார். திருவேங்கடம் பலமாக இருமி அதை மறைத்தார்.

அடுத்து ரத்னம்மா. முதலில் நடுங்கினாள், பிறகு புருஷன் எத்திராஜைப் பார்த்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

"இந்தக் கதையக் கேட்டா பொம்பளைங்க கெட்டுப் போவாங்கன்னு சொல்றாங்க. தலை துவட்டறதும், முடிச்சுக் கட்டறதும், மழையும் மண்டபமும், அதெல்லாம் இருக்குது, இல்லேங்கல. நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுக்கு நான் அழுவல. அந்தக் காதலன் எப்ப வந்தாலும் மொத வார்த்தை 'துன்னியா?'ன்னு கேப்பான். அதுக்குத்தான் அழுதேன்." பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "நேத்திக்கு முடிஞ்சுபோச்சு கதை. அமிர்தவல்லி யாருகூடவும் ஓடல. புருஷன் ஊர்க் கூட்டத்துக்குப் போயிருக்கிற நேரம் பாத்து, ஊட்டைப் பூட்டி, சாவியப் பூக்காரி கையில குடுத்துட்டு, பொறந்த ஊருக்கு பஸ் ஏறிட்டா. அந்தக் காதலன் நெசமா, இல்ல அவ நெனப்பான்னு கேட்டோம். அது முக்கியமில்லேன்னு படிச்ச பொண்ணு சொல்லிடுச்சு. எனக்கும் முக்கியமில்லேன்னுதான் தோணுது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எத்திராஜ் தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆதிநாராயணனுக்கு ஒரு கணம் பொறி தட்டியது. பஸ்ஸா? அருவி எங்கே? ஆனால் கைதட்டல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது எவனுக்கு யோசனை ஓடும்? அருவியில் விழுவதும் ஊரைவிட்டுப் போவதும் தத்துவப்படி ஒன்றுதானே என்று சமாதானம் செய்துகொண்டார்.

திருவேங்கடம் எழுந்தார். "இப்பேர்ப்பட்ட காவியத்தைத் தந்த குமாரி தேனருவி அம்மையார் சென்னைப் பட்டணத்தில் இருப்பதாகத் தெரிகிறது. இந்தப் பொன்னாடையை அச்சகத்தார் மூலம் அவருக்கு அனுப்பிவைப்போம்!"

அனுப்பி வைப்பதா? ஆதிநாராயணன் பொன்னாடையைப் பார்த்தார். தலைமையாசிரியரைப் பார்த்தார். மறுபடி பொன்னாடையைப் பார்த்தார். வேலை கண் முன்னே வந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டியது. அதைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அனுப்ப வேண்டாம். தேனருவி இங்கேயே இருக்கிறாள். நான்தான் தேனருவி!"

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஆம். அமிர்தவல்லி என் மகள். அந்தக் காதலன் என் கற்பனை. ஆனால் அந்தப் புருஷன், ஜுரத்தில் கிடந்தவளின் விளக்கை எடுத்துக்கொண்டு போன அந்தக் கல்நெஞ்சன், கற்பனை அல்ல! அப்படி ஒருவனை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன்!"

நாகபூஷணம் எழுந்து வேட்டியை உதறினார். "நாளைக்கு ஸ்கூலுக்கு வர வேணாம், பண்டிட்காரு. சீட்டு வீட்டுக்கு வரும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் மனைவி அவரோடு போகவில்லை. எத்திராஜ் செருப்பைத் தேடினார், பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். திருவேங்கடம் பொன்னாடையைப் போர்த்தினார். அது தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

வேலை போனது ஆதிநாராயணனுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவர் கண்கள் பெண்கள் கூட்டத்தில் தாட்சாயணியைத் தேடின. கையெழுத்துக்கு மார்க் போட்டவள் இப்போதாவது புருஷன் யாரென்று தெரிந்துகொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான், யோசித்துப் பார்த்தால், அவர் புத்தகம் எழுதியதே.

அவள் இல்லை. மேடையை விட்டு இறங்கினார். கூடத்தின் கடைசியில் தூணருகே பூக்கூடையோடு கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தினமும் பின்கட்டில் தாட்சாயணிக்குப் பக்கத்தில் உட்காருபவள். அவள் ஒருத்திதான் எதற்கும் கைதட்டவில்லை.

"தாட்சாயணி எங்கே?"

கன்னியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையைத் தளர்த்தி, ஒரு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வீட்டுச் சாவி.

"புத்தலப்பட்டு பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டுத்தான் வந்தேன்."

ஆதிநாராயணன் சிரிக்கப் பார்த்தார். "கதையில வந்த மாதிரியே பண்ணிட்டாளா? பைத்தியம், அது வெறும் புஸ்தகம்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. "என் புஸ்தகத்துல பஸ்ஸே இல்லையே. சாவி இல்லையே. அமிர்தவல்லி அருவியில இல்ல விழறா!"

கன்னியம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உங்க புஸ்தகத்துல இன்னா இருக்குதோ எங்களுக்கு இன்னா தெரியும் வாத்தியாரே? உங்க சம்சாரம் படிச்சது தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. நீங்க பூட்டி வெச்ச நாளுல ஒரு பழைய பஞ்சாங்கத்தப் பிரிச்சு வெச்சுக்கினு கதை சொல்லுச்சு. மத்த நாளெல்லாம் அட்டையில இருக்கிற பொம்பள தலைகீழா நிப்பா, நான்தான் புஸ்தகத்த நேரா திருப்பிக் குடுப்பேன்."